மாலையில்லாப் படம்: போரில் காணாமற்போனோரும் திருச்சபையின் துயரப் பணியும்

கறம்பக்குடி, தஞ்சை மாவட்ட எல்லையை அடுத்துள்ள ஊர். 1948 மார்ச் வரை அது புதுக்கோட்டைத் தொண்டைமான் அரசரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1980களின் தொடக்கத்தில், இளம் போதகனாக அப்பகுதிச் சிற்றூர்களுக்கு ஆராதனை நடத்தச் சென்று வந்த நாள்களில், ஒரு வீட்டின் கூடத்தில் மாட்டியிருந்த நிழற்படம் ஒன்று என் கவனத்தை ஈர்த்தது. நாற்காலியின் முதுகில் கைவைத்து நிற்கும் இளைஞர் ஒருவரின் படம் அது. அடியில் பினாங்கு நகர நிழற்படக் கூடமொன்றின் முத்திரை இருந்தது. அதன் அருகே இருந்த மற்றப் படங்களுக்கெல்லாம் மாலை சூட்டப்பட்டிருந்தது. இதற்கு மட்டும் இல்லை. காரணம் கேட்டேன். அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க அவ்வீட்டு அம்மையார் என்னைத் திருப்பிக் கேட்டார்: “அவுக செத்துட்டாகன்னு யாரு வந்து சொன்னாக, ஐயரே?”

அவர் கழுத்தில் தாலி இருந்தது. வண்ணச் சேலையே உடுத்தியிருந்தார். கணவரிடமிருந்து கடைசிக் கடிதம் வந்து அப்பொழுது நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. சபைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். பிறப்பு, திருமுழுக்கு, திருமணம் ஆகியவற்றுக்குரிய கட்டங்கள் நிரம்பியிருந்தன. அடக்கத்துக்குரிய கட்டம் வெறுமையாக இருந்தது. ஊரார் அந்த அம்மையாரைச் சுமங்கலியாகவும் கொள்ளவில்லை, கைம்பெண்ணாகவும் கொள்ளவில்லை. மணவீடுகளில் அவரை முன்னே அழைக்கவும் தயங்கினர்; விலக்கி வைக்கவும் மனம் வரவில்லை. அக்கணவர் எங்குச் சென்றார், எவ்வாறு மறைந்தார் என்னும் கேள்வி என்னை வரலாற்றுக்கு இட்டுச் சென்றது. போரினால் மனித மனத்தில் உண்டாகும் காயங்களுள், இறப்பு உறுதிசெய்யப்படாத இழப்பே மிகவும் நீடிப்பது என்பதும், அதற்குரிய திருப்பணி முறையைத் தமிழ்த் திருச்சபை இன்னும் உருவாக்கிக்கொள்ளவில்லை என்பதுமே இக்கட்டுரையில் நான் கூற விரும்புவன.

அக்கரைச் சீமை

வானம் பார்த்த நிலமும் கண்மாய்ப் பாசனமும் கொண்ட இப்பகுதியினர், மழை பொய்த்தபோது கடல் கடந்து பிழைக்கச் சென்றனர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும், பர்மாவுக்கும், மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கும் சென்ற மூன்று பாதைகளும் புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சை, இராமநாதபுரம் ஆகிய பகுதி மக்களுக்கு நன்கு பழகியவை. மலாயாவுக்குச் சென்றோரைப் பெரும்பாலும் கங்காணிமார் திரட்டினர். தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரே தம் ஊருக்குத் திரும்பி வந்து, தம் உறவினரையும் அயலாரையும் அழைத்துச் செல்லும் முறை அது. நாகப்பட்டினத்திலும் சென்னையை அடுத்த ஆவடியிலும் இருந்த முகாம்கள் வழியாக அவர்கள் கப்பலேறினர். 1938 சூன் மாதத்தில் இந்திய அரசு, உதவிப் பயணத்தில் தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது. அதற்கு முன்னரே சென்றிருந்தோர் அங்கேயே இருந்தனர். சிற்றூர்களுக்கு அவர்கள் உயிரோடிருப்பதற்குச் சான்றாக இருந்தவை மணியார்டரும் கடிதமுமே.

1941 டிசம்பர் 8 அன்று சப்பானியப் படை மலாயாவின் வடகிழக்குக் கரையில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. அத்துடன் அஞ்சலும் நின்றது. மூன்றரை ஆண்டுகள் அக்கரையிலிருந்து யாதொரு செய்தியும் ஊர்களை எட்டவில்லை. போர் முடிந்தபின் சிலரிடமிருந்து கடிதம் வந்தது, சிலர் கப்பலேறித் திரும்பினர், மற்றையோரைப் பற்றி ஒன்றும் வரவில்லை.

அந்த மூன்றரை ஆண்டுகளில் நிகழ்ந்தது என்ன? பர்மாவிலிருந்த தம் படைக்குத் தளவாடங்கள் அனுப்பச் சப்பானியர், சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்புசயாத் வரை 415 கிலோமீட்டர் நீள இருப்புப்பாதை ஒன்றை அமைத்தனர். வேலை 1942-இன் நடுப்பகுதியில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் இதில் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களுள் பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் தொகையோ இரண்டு இலட்சத்தை ஒட்டியது என மதிப்பிடப்படுகிறது. மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். இறந்த ஆசியர் எத்தனை பேர் என்பதில் அறிஞரிடையே இன்றும் ஒருமிப்பு இல்லை. தொண்ணூறாயிரம் என்பது பரவலாக எடுத்துக்கொள்ளப்படும் மதிப்பீடு. அதற்கும் மேல் என்பாரும் உளர்.

முதலில் நல்ல கூலி, குறுகிய காலம் என்று ஆசை காட்டி அழைத்தனர். சொன்னபடி எவரும் திரும்பாதது கண்டு தோட்டங்கள் அஞ்சத் தொடங்கியபின், ஆள்களை வலிந்து பிடித்தனர். இலவசத் திரைப்படக் காட்சி என்று கூட்டிக் கதவடைத்து லாரிகளில் ஏற்றிய கதைகளை உயிர் மீண்டவர்கள் பலர் கூறியுள்ளனர். சரக்கு வண்டிகளில் அடைபட்டுச் சென்றவர்கள், அதன்பின் மழைக்காட்டில் பல நாள் நடந்து முகாம்களை அடைந்தனர். 1943-இன் மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது ஆசியத் தொழிலாளர் முகாம்கள் அப்படியே அழிந்தன. போர்க்கைதிகளிடையே படை மருத்துவர்கள் இருந்தனர். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் செய்யவும் கழிவிடங்களை ஒழுங்குபடுத்தவும் அதிகாரிகள் இருந்தனர். தோட்டத் தமிழருக்கோ மருத்துவரும் இல்லை, தலைவரும் இல்லை. 1943-இல் சிங்கப்பூரின் சாங்கி முகாமிலிருந்து கைதிகளான மருத்துவப் பணியாளர் குழுக்கள் இரண்டைச் சப்பானியர் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினர். அக்குழுவினர் விட்டுச்சென்ற குறிப்புகளே தமிழரின் இறப்பைப் பற்றி எழுத்தில் உள்ள முதன்மைச் சான்றுகளுள் சில.

எண்ணப்பட்டவரும் எண்ணப்படாதவரும்

போர் முடிந்தபின் நேச நாட்டார் தம் வீரரின் புதைகுழிகளைத் தேடி எடுத்து முறையான கல்லறைத் தோட்டங்களை அமைத்தனர். காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் இருக்கின்றன. பெயர் அறியப்பட்டவர் ஒவ்வொருவருக்கும் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் பொறித்த பலகை உண்டு. குடும்பத்தார் விரும்பிய மறைவாக்கியத்தையும் பல கல்லறைகளில் காணலாம். ஆஸ்திரேலிய மருத்துவர் டன்லப் முகாமில் எழுதிய நாட்குறிப்பு 1986-இல் நூலாக வெளிவந்தது. அதே பாதையில் அதே மாதங்களில் இறந்த தமிழருக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப்பட்டியலும் இல்லை. 1990-இல் காஞ்சனபுரி நகரில் கரும்புத் தோட்டமொன்றில் நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் வெளிப்பட்டன. அவை ஆசியத் தொழிலாளருடையவை என்று கருதப்பட்டது. அவர்களுள் ஒருவர் பெயரையும் சொல்ல எவராலும் இயலவில்லை.

இவ்விருப்புப்பாதையை உலகுக்கு அறிமுகப்படுத்திய ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலத் திரைப்படம் 1957-இல் வெளிவந்தது. அதன் பெரும்பகுதியை இலங்கையில் படமாக்கினர். தமிழர் வாழும் மண்ணில் எடுத்த அப்படத்தின் கதையில் தமிழ்த் தொழிலாளருக்கு இடமில்லை. தமிழில் இதனைப் பற்றிப் பேசியவர்கள் பெரும்பாலும் மலேசியத் தமிழ் எழுத்தாளர்களே. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ என்னும் புதினம் அவ்வகையில் குறிப்பிடத்தக்கது. காஞ்சனபுரியில் தமிழ்த் தொழிலாளருக்கென நடுகல் எழுப்பப்பட்டது மிக அண்மைக் காலத்தில்தான்.

இதே போரில் பர்மாத் தமிழர் பட்ட பாடும் பெரிது. 1941 டிசம்பர் 23 அன்று இரங்கூனில் குண்டு விழுந்தபின், ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியர் அந்நாட்டை விட்டு வெளியேறினர். அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்து வந்தோருள் பல்லாயிரவர் வழியிலேயே மடிந்தனர். ஆயினும் அங்கே உடன் நடந்தவர்கள் இருந்தனர். “இன்ன மலையடியில் விட்டு வந்தோம்” என்று வீட்டுக்கு வந்து சொல்ல ஒருவராவது இருந்தார். சயாமில் முழு முகாமும் ஒருசேர அழிந்த இடங்களில் சொல்வதற்கும் ஆள் எஞ்சவில்லை. இவ்வேறுபாடு சிறிதன்று.

மருத்துவம் கண்டதும் காணாததும்

போர் மனத்தைத் தாக்குகிறது என்பதை மேலை மருத்துவம் படைவீரரைக் கொண்டே கற்றது. முதல் உலகப்போரில் நடுக்கமும் பேச்சிழப்பும் உற்ற வீரரைக் கண்டு, 1915-இல் சார்லஸ் மயர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் ‘ஷெல் ஷாக்’ என்ற பெயரை மருத்துவ ஏட்டில் வழங்கினார். ஆயினும் அப்போரில் ஓடிப்போனவர், கோழையர் என்று சொல்லிப் பிரித்தானியப் படை தன் வீரருள் முந்நூற்றுக்கு மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றது. அவர்களுள் மனம் சிதைந்தவர் பலர். அவர்களுக்கு மன்னிப்பு 2006-இல்தான் சட்டப்படி வழங்கப்பட்டது. வியட்நாம் போருக்குப்பின், 1980-இல், அமெரிக்க மனமருத்துவச் சங்கம் பேரதிர்ச்சியின் பின்விளைவான மன நெருக்கீட்டைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டது. துர்க்கனவு, திடுக்கிடல், நினைவு மீண்டும் மீண்டும் புகுதல், உணர்வு மரத்தல் ஆகியவை அதன் அடையாளங்கள்.

நம் கறம்பக்குடி அம்மையாருக்கு இவை எதுவும் இல்லை. அவர் போரைக் காணவில்லை, குண்டோசையைக் கேட்டதில்லை. அவரை நோயாளி என்று எந்த மருத்துவரும் சொல்லியிரார். 1970களில் வியட்நாமில் காணாமற்போன வானோடிகளின் குடும்பங்களை ஆராய்ந்த பாலின் பாஸ் என்னும் அமெரிக்க அறிஞர், இத்தகைய நிலையைத் தனியாக இனங்கண்டார். உடல் இல்லாமலும் உள்ளத்தில் நீங்காமலும் இருக்கும் ஒருவரைப் பற்றிய, முடிவு தெரியாத இழப்பு என அதனை விளக்கினார். இங்கே கோளாறு சூழ்நிலையில் இருக்கிறதேயன்றித் துயருறுவோரின் மனத்தில் இல்லை என்பது அவர் முடிபு. ஆகவே “ஆறிவிடு, மறந்துவிடு” என்று அவர்களை நெருக்குவது பயனற்றது. நம்பிக்கையையும் இழப்பையும் ஒருங்கே தாங்கி வாழ அவர்களுக்குத் துணை நிற்பதே செய்யத்தக்கது.

தமிழில் இத்துறையில் பெரும்பணி செய்தவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். போர் நடந்துகொண்டிருந்தபோதே யாழ்ப்பாணத்தில் தங்கி மருத்துவம் செய்த அவர், தனி மனிதரின் காயத்தோடு நில்லாமல், குடும்பமும் ஊரும் ஒன்றாகச் சிதையும் கூட்டுக் காயத்தையும் எழுதினார். 1998-இல் வெளிவந்த அவர் நூல் இதற்கு அடிப்படை. ‘மனவடு’ என்னும் சொல் ஈழத் தமிழ் உளமருத்துவத்தில் வழங்குவது. அழகிய சொல்லே; எனினும் எனக்கு ஓர் ஐயம் உண்டு. வடு என்பது புண் ஆறியபின் எஞ்சும் தழும்பு. காணாமற்போனோரின் குடும்பத்தில் புண் மூடவேயில்லையே! அங்கே வடுவும் தோன்றவில்லை என்றுதான் கூற வேண்டும்.

மீண்டும் அதே கடல்

1983 சூலைக் கலவரத்துக்குப்பின் ஈழத் தமிழர் பாக்கு நீரிணையைக் கடந்து வரத் தொடங்கினர். முன்பு இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்வோரை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்த மண்டபம் முகாமே, இப்பொழுது வருவோரை ஏற்கும் இடமாயிற்று. புதுக்கோட்டை மாவட்டத்தில் தேக்காட்டூர், அழியாநிலை, தோப்புக்கொல்லை ஆகிய இடங்களில் முகாம்கள் அமைந்தன. 2021-இல் தமிழக அரசு இவற்றுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றிய காலத்தில், மாநில முகாம்கள் அனைத்திலும் ஏறத்தாழ 58,000 பேர் வாழ்ந்தனர். சபையாரோடு நான் சந்தித்த இம்மக்களிடம், நாற்பதாண்டுக்கு முன் கறம்பக்குடிப் பகுதியில் கேட்ட அதே கேள்வியை மீண்டும் கேட்டேன். “செத்தது எண்டு ஆர் சொன்னது?” என்பது அவர்கள் மொழி, பொருள் ஒன்றே.

2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது, படையினரிடம் சரணடைந்தோர் பலரைப் பற்றி அதன்பின் செய்தி இல்லை. அவர்களோடு சென்ற கத்தோலிக்கக் குருவானவர் பிரான்சிஸ் யோசேப் அடிகளாரும் திரும்பவில்லை. செஞ்சிலுவைப் பன்னாட்டுக் குழு தன்னிடம் பதிவானவற்றைக் கொண்டு 2016-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இலங்கையில் காணாமற்போனோர் 16,000-க்கு மேற்பட்டோர். அவர்களுள் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் அரசுப் படையினர் என்பதையும் நாம் மறத்தலாகாது. சிங்களத் தாய்மாரும் இதே வாயிலில் நிற்கின்றனர்.

2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலின் முன்பாகத் தாய்மார் உட்கார்ந்தனர். போராட்டம் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. விடை தெரியாமலே அவர்களுள் பலர் இறந்துபோயினர். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காணாமற்போனோருக்கென அலுவலகம் ஒன்று அமைக்கப்பட்டது. இறப்புச் சான்றிதழை ஏற்க மனமில்லாதோர்க்குக் காணாமைச் சான்றிதழ் வழங்கவும் சட்டம் இடமளித்தது. 2020 சனவரியில் அப்போதைய குடியரசுத் தலைவர் கோட்டாபய இராசபக்ச, காணாமற்போனோர் உண்மையில் இறந்துவிட்டனர் என்றும் இறப்புச் சான்றிதழ் வழங்க ஆவன செய்யப்படும் என்றும் ஐக்கிய நாடுகளின் பேராளரிடம் கூறினார். தாய்மார் அதனை ஏற்கவில்லை. எப்போது, எங்கே, யாரால் என்று சொல்லாமல் கொடுக்கும் தாளை எவ்வாறு ஏற்பது என்று கேட்டனர்.

யாக்கோபின் முன் வைக்கப்பட்ட அங்கி

இத்தாய்மாரின் மறுப்பைப் பிடிவாதம் எனச் சிலர் கருதுகின்றனர். நம் போதகருள்ளும் அவ்வாறு கருதுவோர் உண்டு. அவர்கள் ஆதியாகமம் 37-ஆம் அதிகாரத்தை மீண்டும் வாசிப்பது நலம். யோசேப்பின் அங்கியை ஆட்டுக்கடாவின் இரத்தத்தில் தோய்த்து, அது உம் மகனுடையதுதானா என்று தந்தையிடமே கேட்கின்றனர் மக்கள். குற்றம் செய்தவர்களே சான்றையும் உண்டாக்கிக் கொண்டுவந்து, அதற்கு ஒப்புதலும் பெறுகின்றனர். பிள்ளைகள் எல்லாரும் ஆறுதல் சொல்ல எழும்புகின்றனர். யாக்கோபோ ஆறுதலடைய மறுக்கிறார். உயிரோடிருப்பவன் பொருட்டு எவராலும் ஆறுதலடைய இயலாது, ஆகவேதான் யாக்கோபு மறுத்தார் என்று பழைய யூத விளக்கவுரையாளர் உரைத்தனர். பதினேழு வயதில் பிரிந்தவன் முப்பத்தொன்பது வயதில் கிடைக்கிறான். இடையே ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள். உயிரோடிருக்கிறான் என்ற சொல்லையும் யாக்கோபு முதலில் நம்பவில்லை. எகிப்தின் வண்டிகளைக் கண்ணால் கண்டபின்னரே அவர் ஆவி உயிர்த்தது. தவறான சான்றும் அம்மனத்தைக் கெடுத்தது. வெறும் சொல்லும் அதனைக் குணப்படுத்தவில்லை.

இரண்டாம் சாமுவேல் 21-இல் வரும் ரிஸ்பாளையும் ஈண்டு நோக்குக. அறுப்புக்காலத் தொடக்கத்திலிருந்து மழை பெய்யும்வரை அவள் பிணங்களைக் காத்துக் கன்மலையில் இரட்டு விரித்துக் கிடந்தாள். அவள் ஒரு சொல்லும் பேசியதாகத் திருமறை கூறவில்லை. அவள் செய்தது தாவீதின் காதுக்கு எட்டியபின், எலும்புகள் சேர்க்கப்பட்டு அடக்கம் நடந்தது. அதன்பிறகே தேவன் தேசத்துக்காகச் செய்யப்பட்ட வேண்டுதலைக் கேட்டருளினார். நம் பிரசங்கங்களில் ரிஸ்பாள் அரிதாகவே வருகிறாள். கன்னிமரியாளின் துயரைப் பேசும் கத்தோலிக்க மரபுக்கு இவ்வகையில் ஓர் இடமாவது உண்டு. சீர்திருத்த மரபினராகிய நாம் அடக்க ஆராதனையோடு துயரத்தை முடித்து, அடுத்த ஞாயிறே வெற்றிப் பாட்டுக்குத் திரும்புகிறோம்.

நம் அடக்க முறைமை ஓர் உடலை முன்வைத்தே அமைந்தது. உடல் இல்லையெனின் என்செய்வது? இந்து சமய மரபில், பன்னிரண்டு ஆண்டுகள் செய்தியின்றிப் போனவருக்குத் தருப்பையால் உருவம் செய்து எரித்துக் கிரியை நடத்தும் வழக்கம் உண்டு. இந்தியச் சான்றுச் சட்டம் ஏழாண்டுகள் கேள்விப்படாதவரை இறந்தவராகக் கொள்ள இடமளித்தது. 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அவ்விதியைக் கைக்கொண்டுள்ளது. சட்டத்துக்கும் ஒரு வழி இருக்கிறது, அயல் மரபுக்கும் ஒரு வழி இருக்கிறது. நம் வழிபாட்டு நூல்களில் மட்டும் அதற்கு ஒரு பக்கமும் இல்லை. காணாமற்போனவரின் பெயரைச் சபையில் சொல்லி, அவர் இறந்தார் என்றும் இருக்கிறார் என்றும் முடிவு கூறாமல், தேவனிடம் முறையிடும் ஒழுங்கு ஒன்று தேவை. இத்தகைய முறையீட்டுச் சங்கீதங்கள் நமக்குப் பல உள. நாம் அவற்றை வாசிப்பதில்லை. யோபுவின் நண்பர்கள் வாய் திறந்தபின் செய்தவற்றைப் பற்றி ஆயிரம் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். ஏழு நாள் பேசாமல் தரையில் உடனிருந்ததைப் பற்றி எத்தனை கேட்டோம்?

நானும் அன்று தவறினேன் என்பதைச் சொல்லாமல் விடலாகாது. அந்த அம்மையாரிடம், அவர் கணவர் ஆண்டவரிடம் இளைப்பாறுகிறார் என்று எண்ணிக்கொள்ளும்படி கூறினேன். ஆறுதல் என்று நினைத்தே சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. எழுந்து உள்ளே சென்று எனக்கு மோர் கொண்டுவந்தார். அதன்பின் நான் அங்குச் சென்ற நாள்களில் ஒருபோதும் அவர் கணவரைப் பற்றி என்னிடம் பேசவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அவ்வீட்டுக்கு மீண்டும் செல்லும் வாய்ப்புக் கிடைத்தது. அம்மையார் காலமாகி நெடுநாளாயிற்று. அவர் கணவரின் தம்பி மகன் குடும்பத்தோடு அங்கே வாழ்கிறார். கூடத்தில் அம்மையாரின் படமும் பினாங்குப் படமும் அடுத்தடுத்து மாட்டப்பட்டிருந்தன. அம்மையாரின் படத்துக்கு மாலை சூட்டியிருந்தனர்.